செட்டிநாட்டின் காட்டுப் பாலூட்டிகள்: உங்கள் ஊருக்கு நீங்களே ஒரு பட்டியல் தயாரிக்க முழுமையான வழிகாட்டி

வடக்கே வெள்ளாறு, தெற்கே வைகை, மேற்கே பிரான்மலை, கிழக்கே கடல் என்று செட்டிநாட்டுக்குப் பழைய எல்லை சொல்வார்கள். இந்த எல்லைக்குள் யானையும் இல்லை, புலியும் இல்லை. அதனாலேயே செட்டிநாட்டில் காட்டு விலங்கே கிடையாது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். விலங்கு பார்க்கக் காரைக்குடியிலிருந்து முதுமலைக்கும் தேக்கடிக்கும் வண்டி பிடித்துப் போகிறவர்கள், சொந்த வீட்டு ஓட்டுக்கூரைக்குள் குட்டி போட்டு வளர்க்கும் மரநாயை ஒரு தடவைகூட உட்கார்ந்து கவனித்ததில்லை.

இந்தியாவில் 400-க்கு மேற்பட்ட பாலூட்டி இனங்கள் உண்டு. அவற்றில் வௌவால்கள் மட்டும் 120-ஐத் தாண்டும். எலி, அணில், முள்ளம்பன்றி எல்லாம் சேர்ந்த கொறிக்கும் இனங்கள் இன்னொரு பெரிய பங்கு. ஆக, நாட்டின் பாலூட்டிகளில் பாதிக்கு மேல் சின்ன உருவம் கொண்டவை, பெரும்பாலும் இரவில் நடமாடுபவை. அவற்றுக்குச் சரணாலயம் வேண்டியதில்லை. பூட்டிய வீடு, வற்றும் கண்மாய், வெட்டாமல் விட்ட கோயில்காடு இருந்தால் போதும். செட்டிநாட்டில் மூன்றும் இருக்கின்றன, மூன்றும் வேகமாகக் குறைந்துகொண்டும் வருகின்றன. அவை குறைவதற்குள் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பட்டியல் எழுதிவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. இந்த வழிகாட்டி அதற்காகத்தான். இதற்குப் பட்டப்படிப்பு தேவையில்லை. ஒரு வருடப் பொறுமை இருந்தால் போதும்.

படி 1: எல்லையைச் சுருக்குங்கள்

செட்டிநாடு முழுவதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே ஓர் ஊர் போதும். ஊரின் நடுவீதிகள், ஊருணி, ஒரு கண்மாய், ஓர் ஐயனார் கோயில்காடு, ஊருக்கு வெளியே பொட்டலும் புதரும் உள்ள ஒரு துண்டு நிலம். இவற்றை ஒரு தாளில் வரைந்து இடங்களுக்கு எண் கொடுங்கள். இனி நீங்கள் எழுதும் ஒவ்வொரு குறிப்பும் இந்த எண்களில் ஒன்றோடு சேர வேண்டும்.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி வேண்டும். பட்டா நிலமானால் உடைமையாளரிடமும், கோயில் இடமானால் ஊராரிடமும் கேட்டுக்கொண்டு போங்கள்.

படி 2: வீட்டிலிருந்து தொடங்குங்கள்

காட்டு விலங்கைத் தேட வீட்டுக்குள்ளா போவது என்று தோன்றும். செட்டிநாட்டில் அப்படித்தான் தொடங்க வேண்டும். கானாடுகாத்தான், கோட்டையூர், பள்ளத்தூர், தேவகோட்டை என்று எங்கே போனாலும் வருடத்தில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீடுகள்தான். உரியவர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, பரண், அதற்கு மேலே ஓடு: இத்தனை இருட்டும் அமைதியும் வேறெங்கே கிடைக்கும்? வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் அனுமதி வாங்கிப் பகல் வெளிச்சத்தில் போங்கள். இற்றுப்போன மாடித் தளத்தில் ஏறாதீர்கள்.

முதலில் எச்சத்தைப் பாருங்கள். சுவரோரம் கறுப்புக் கறுப்பாகச் சின்ன எச்சம் கிடந்தால் எலியா வௌவாலா என்ற கேள்வி வரும். ஒரு குச்சியால் அழுத்துங்கள். எலி எச்சம் காய்ந்தால் கெட்டியாக நிற்கும். பூச்சி தின்னும் வௌவாலின் எச்சம் பொடிப்பொடியாக உதிரும், உற்றுப் பார்த்தால் வண்டுகளின் ஓட்டுத் துணுக்குகள் மினுங்கும். கையால் தொட வேண்டாம், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

எச்சத்தோடு தவளைக் கால், பல்லி வால், பெரிய விட்டிலின் இறகு இவையெல்லாம் சிதறிக் கிடந்தால் சந்தோஷப்படுங்கள். மேலே பெருங்காது வௌவால் தொங்குகிறது. இரண்டு காதுகளும் நெற்றியில் ஒட்டி நிற்கும். இரத்தம் குடிக்கும் என்று இதற்குக் கெட்ட பெயர் உண்டு. அது பொய். எலி, தவளை, பல்லி, பெரிய பூச்சிகள்தான் இதன் உணவு. இரையைத் தூக்கிக்கொண்டு வந்து, வழக்கமான இடத்தில் தொங்கியபடி தின்னும். அந்த மிச்சம்தான் தரையில் கிடப்பது.

பழைய கோயில் மண்டபங்களிலும் படிக்கிணறுகளிலும் வேறு சில வௌவால்கள் இருக்கும். கல்சுவரில் வயிறு ஒட்டப் படிந்திருந்து, வெளிச்சம் பட்டதும் நண்டு மாதிரி பக்கவாட்டில் ஊர்ந்து இடுக்கில் ஒளிவது ஒரு வகை. மூக்கின் மேல் இலை போன்ற மடிப்போடு கூட்டமாகத் தொங்குவது இன்னொரு வகை. எலிவால் போல மெல்லிய வால் நீண்டு வெளியே தெரிவது மூன்றாவது. இனம் வரைக்கும் போகாவிட்டாலும் பரவாயில்லை, இந்த அளவுக்குப் பிரித்து எழுதினாலே போதும். தாய்கள் குட்டியைச் சுமந்திருக்கும் காலத்தில் கூட்டத்தைக் கலைத்தால் குட்டிகள் கீழே விழும். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். எண்ணிக்கை வேண்டுமானால் பொழுது சாயும்போது வாசலுக்கு வெளியே நின்று, பறந்து போகிறவற்றை எண்ணலாம்.

அடுத்தது மரநாய். வாலில் வளையம் இருக்காது, முகத்தில் கறுப்பு முகமூடி போட்ட மாதிரி இருக்கும். நல்ல மரமேறி. பனங்கள் கலயத்தையும் விட்டுவைக்காது. இரவில் ஓட்டின் மேல் திமுதிமுவென்று ஓடுவதை வீட்டுக்காரர்கள் பேய் என்றுகூடச் சொல்வார்கள். விடிந்ததும் மதில் மேலும் மாடி விளிம்பிலும் பாருங்கள், விதைகள் முழுசு முழுசாகத் தெரியும் எச்சம் கிடக்கும். எந்தப் பழத்தின் விதை என்று எழுதி வையுங்கள். இந்த விதைகள் மரமாக முளைப்பதில் மரநாய்க்குப் பெரிய பங்கு உண்டு.

மூஞ்சூறை எலிக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். பிள்ளையார்பட்டி இருக்கும் நாட்டில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது பூச்சி தின்னும் தனி வகை. நீண்ட மூக்கு, குண்டூசித் தலை போன்ற கண், கீச்சென்ற சத்தம், போகிற வழியெல்லாம் ஒரு வாடை. தாய் மூஞ்சூறு இடம் மாறும்போது முதல் குட்டி தாயின் பின்புறத்தைக் கவ்வும், இரண்டாவது முதல் குட்டியைக் கவ்வும். இப்படியே ஒரே வரிசையாகச் சுவரோரம் போகும். பார்க்கக் கிடைத்தால் விளக்கைப் போடாமல் நின்று பாருங்கள்.

படி 3: கூகையின் உதவியைப் பெறுங்கள்

கூகை என்ற ஆந்தை இரையை முழுதாக விழுங்கி, செரிக்காத முடியையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கும். பூட்டிய வீட்டு மாடங்களுக்கும் கோபுரங்களுக்கும் கீழே, விரல் நீளத்துக்கு, கறுத்துப் பளபளப்பாகக் கிடப்பது அதுதான். ஊரின் வயல்களிலும் பொட்டலிலும் என்னென்ன எலிகள் உண்டு என்பதைப் பொறி வைக்காமல், ஒரு உயிரையும் கொல்லாமல் அறிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

கையுறை போட்டு உருண்டைகளைப் பொறுக்கி, தேதியும் இடமும் எழுதிய காகித உறையில் போடுங்கள். வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவிட்டு, பழைய பல் துலக்கியாலும் ஊசியாலும் முடியைப் பிரித்து எடுங்கள். மண்டை ஓடுகள் பெரும்பாலும் உடையாமல் கிடைக்கும். முன்னால் இரண்டு நீண்ட வெட்டுப்பற்கள், அப்புறம் ஒரு காலி இடைவெளி, அதற்குப் பின் கடைவாய்ப் பற்கள் என்றிருந்தால் எலி வகை. இடைவெளியே இல்லாமல் வரிசையாகக் கூர்மையான வெள்ளைப் பற்கள் இருந்தால் மூஞ்சூறு. எலி மண்டை ஓட்டில் மேல் வெட்டுப்பற்களின் முகப்பில் நெடுக ஒரு கோடு பள்ளமாக ஓடி, காதுப் பக்க எலும்பு குமிழாக உப்பியிருந்தால் அது வெள்ளெலி, வறண்ட பொட்டலில் வளை தோண்டி வாழ்வது. வயல் வரப்பைக் குடையும் வயலெலி, புல்வெளிச் சுண்டெலி, எப்போதாவது ஒரு சின்ன வௌவால் என்று ஒரே மாடத்தடியில் உங்கள் பட்டியல் மளமளவென்று வளரும். ஒவ்வொரு மண்டை ஓட்டையும் மேலே, கீழே, பக்கவாட்டில் என்று மூன்று கோணத்தில் அளவுகோலோடு படமெடுங்கள்.

படி 4: கண்மாய்க் கரையில் தடம் படியுங்கள்

பங்குனி தொடங்கித் தண்ணீர் உள்வாங்கும்போது கண்மாயின் ஓரத்தில் வண்டல் மண் பட்டையாக வெளிப்படும். இதைவிட நல்ல பதிவேடு கிடையாது. இரவில் தண்ணீர் குடிக்க வந்த அத்தனையும் அதில் கால் வைத்துத்தான் போயிருக்கும். விடியற்காலையில், ஆடு மாடு இறங்குவதற்கு முன்னால் போய்விட வேண்டும். சாய்ந்த வெயிலில்தான் தடத்தின் விளிம்பு நிழலோடு தெரியும், உச்சிவெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும்.

ஆறங்குல அளவுகோல் ஒன்றைத் தடத்தின் பக்கத்தில் வைத்து, நேர் மேலிருந்து படமெடுங்கள். ஒற்றைத் தடத்தோடு நிற்காமல் நாலைந்து அடி தொடர்ந்து போய் நடையையும் பாருங்கள்.

நரியையும் நாயையும் பிரிப்பதுதான் கஷ்டமான வேலை. இரண்டிலும் நகம் பதியும். நாயின் தடம் அகன்று, விரல்கள் விரிந்திருக்கும். நரியின் தடம் ஒடுங்கி நீள்வட்டமாக, நடு இரண்டு விரல்களின் நகங்களும் நெருங்கி இருக்கும். நடையில் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். நாய் அங்கே மோந்து இங்கே திரும்பிக் குழப்பிக்கொண்டே போகும். நரி வந்த வழி கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும். ஒரு தடத்தை மட்டும் வைத்து ‘நரி’ என்று எழுதிவிடாதீர்கள், கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

காட்டுப்பூனைத் தடம் வட்டமாக, நகமில்லாமல் இருக்கும். வீட்டுப் பூனையைவிடப் பெரியது, நெடுங்கால், குட்டை வால், வால் நுனியில் கறுப்பு வளையங்கள், காதின் நுனியில் கொஞ்சம் கறுப்பு முடி. தட்டைப்புல் மண்டிய கண்மாயின் உள்வாய், அதாவது தண்ணீர் தேங்கும் உட்பக்கம்தான் அதன் சொந்த இடம். கீரிக்கும் மரநாய்க்கும் ஐந்து விரல் பதியும். முயல் தாவுவதால் இரண்டு சின்ன முன்கால் தடம் ஒன்றன்பின் ஒன்றாகவும், அவற்றுக்கு முன்னால் இரண்டு பெரிய பின்கால் தடமும் விழும். முள்ளம்பன்றி நடந்த இடத்தில் தடத்தோடு முட்கள் உரசிய கீறல்களும் இருக்கும். காட்டுப்பன்றியின் பிளவுக் குளம்புக்குப் பின்னால் இரண்டு துணைக் குளம்புகள் குத்தியிருக்கும்.

புள்ளிமான் விஷயத்தில் கவனம் வேண்டும். காரைக்குடி, திருப்பத்தூர்ப் பக்கத்துக் காடுகளில் மான்கள் உண்டு. கோடையில் தண்ணீர் தேடி ஊர்ப்பக்கம் வந்து நாய்களிடமும் வண்டிகளிலும் மாட்டிக்கொள்கின்றன. ஆனால் கண்மாய் முழுக்க ஆட்டுத் தடம்தான் இருக்கும். மானின் குளம்பு நுனி கூர்ந்து சேர்ந்திருக்கும், ஆட்டின் குளம்பு நுனி மழுங்கலாக, அகன்றிருக்கும். சந்தேகமாக இருந்தால் பக்கத்தில் எச்சம் கிடக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

படி 5: கோயில்காட்டிலும் பொட்டலிலும் மெல்ல நடங்கள்

ஐயனார் கோயில்களைச் சுற்றி வீரை, உலக்கைப்பாலை, காரை, களா, சூரை எல்லாம் பின்னிக் கிடக்கும் காடுதான் இந்தச் செம்மண் நாட்டின் பழைய காடு. மண்குதிரைகளுக்குப் பின்னால் ஒரு கொப்புகூட ஒடிக்கக் கூடாது என்று ஊரார் வைத்த கட்டுப்பாடுதான் இதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. பக்கத்திலேயே ஏக்கர் ஏக்கராக நிற்கும் தைலமரத் தோப்பில் ஒரு காலை நடந்துவிட்டு, அப்புறம் கோயில்காட்டுக்குள் போய்ப் பாருங்கள். தைலமரத்தடியில் பழமும் இல்லை, ஒளிய அடர்ந்த புதரும் இல்லை. தடயங்களும் அதற்கேற்ற மாதிரிதான் கிடைக்கும். இரண்டு இடத்திலும் ஒரே நேரம் நடந்து, கிடைத்ததைத் தனித்தனியாக எழுதுங்கள். பிற்காலத்தில் அந்த ஒப்பீடு மிகவும் உதவும்.

பாதையின் நடுவிலோ சின்னக் கல்லின் மேலோ முறுக்கிய எச்சம், அதில் முடியும் இலந்தைக் கொட்டையும் இருந்தால் நரியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்ட எச்சக் குவியல் என்றால் புனுகுப்பூனையை நினைத்துக்கொள்ளுங்கள். உடம்பில் வரிசையாகப் புள்ளி, வாலில் வளையம் கொண்டது, பெரும்பாலும் தரையிலேயே திரியும். தட்டை உருண்டையாக, நாராக உதிரும் எச்சம் முயலுடையது. முயல் வளை தோண்டாது, புல்லடியில் ஒரு பள்ளத்தில் படுத்திருக்கும். குட்டிகள் கண் திறந்தே பிறக்கும். தனியாகக் கிடக்கும் முயல் குட்டியை அனாதை என்று நினைத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். தாய் பால் கொடுக்க வரும்.

பெரிய வளை, வாசலில் ஓரிரு முள், கடித்த எலும்பு: முள்ளம்பன்றி. பொட்டலில் பல வாசல் கொண்ட சின்ன வளைகள் என்றால் குள்ளநரியாக இருக்கலாம். நரியைவிடச் சின்னது, மெலிந்த கால், பெரிய காது, வால் நுனி கறுப்பு. கீரியில் இரண்டு வகை உண்டு. வால் நுனி கறுத்து மேலே வளைந்திருந்தால் செங்கீரி, இல்லையென்றால் சாதாரணக் கீரி.

கறையான் புற்றின் அடியில் வலிய நகங்களால் பிளந்த பள்ளம் தெரிந்தால் அலங்கு வந்து போயிருக்கலாம். எறும்புத்தின்னி என்றும் சொல்வோம். தொட்டால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். அதற்கு இருக்கும் முக்கியத் தற்காப்பு அதுதான், மனிதன் அள்ளிப் பையில் போடுவதற்கும் அதுவே வசதியாகிவிட்டது. ஒரு ஈற்றில் பெரும்பாலும் ஒரே குட்டி. செதிலுக்கு மருந்துக் குணம் உண்டு என்பது வெறும் கட்டுக்கதை, நம் நகத்தில் இருக்கும் அதே பொருள்தான் அதில் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், இதை வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 7 ஆண்டு சிறை.

செம்மண் பொட்டலில் மழை பெய்த இரவுக்கு அடுத்த நாள் முள்ளெலியைத் தேடிப் பாருங்கள். உள்ளங்கையில் அடங்கும் முள் உருண்டை, தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது. முள்ளைச் சுட்டுக் கக்குவான் இருமலுக்குக் கொடுக்கும் பழக்கம் தென் மாவட்டங்களில் உண்டு. அதற்காகப் பிடித்துக் கொல்லவும் செய்கிறார்கள். உங்கள் ஊரில் ஒன்றே ஒன்று தென்பட்டாலும் அது பெரிய செய்தி.

படி 6: மரங்களின் நாட்காட்டியைப் பின்பற்றுங்கள்

பங்குனி, சித்திரையில் இலுப்பை பூக்கும்போது இரவில் அந்த மரத்தடியில் நில்லுங்கள். பழந்தின்னி வௌவால்கள் இனிப்பான பூவுக்கு மொய்க்கும். ஆனி, ஆடியில் வேப்பம்பழமும் நாவலும். அதையொட்டிப் பனம்பழம். பெரிய ஆலமரத்திலோ புளியமரத்திலோ பகல் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டு தொங்குவது பெரிய பழந்தின்னி, சிறகை விரித்தால் ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும். நெட்டிலிங்க மரத்திலும் பனையோலை அடியிலும் சிறு கூட்டமாக ஒளிந்திருப்பது சின்னப் பழந்தின்னி, காது விளிம்பு வெளுத்திருக்கும். காலையில் மரத்தடியில் கிடக்கும் மென்று துப்பிய சக்கைதான் அதன் அடையாளம்.

திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கிராமத்தார் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வௌவால் மரம் உள்ள ஊர்களும் இதைப் பின்பற்றலாம். பெரிய பழந்தின்னி வருடத்துக்கு ஒரே குட்டிதான் போடும், வெடியால் ஒரு கூட்டம் கலைந்தால் திரும்பக் கூடுவது எளிதில்லை.

படி 7: இரவு நடை

தனியாகப் போகாதீர்கள். முட்டளவு காலணி, இரண்டு டார்ச். விரியன்கள் உள்ள நாடு இது, பாழுங்கிணறுகளும் அதிகம். டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டினால் விலங்குகள் அதிகம் மிரளாது. சாலை நடுவில் செக்கச்செவேல் என்று ஒற்றைக் கனல் தெரிந்தால் பக்கிப் பறவையாக இருக்கும். புல்லில் பொடிப்பொடியாக நீலப்பச்சை மினுக்கம் என்றால் சிலந்தி. நரி ஊளையிட்டால் நேரத்தையும் திசையையும் எழுதுங்கள், அதுவும் ஒரு பதிவுதான். பாலூட்டி எதுவாவது கடித்துவிட்டால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

படி 8: விசாரியுங்கள்

ஆட்டுக்கிடை போடுகிறவர்கள், மடை பார்க்கிறவர்கள், பனையேறிகள், பூட்டிய வீட்டைக் காப்பவர்கள், ஊரை விட்டுப் போகாத ஆச்சிமார்கள். இவர்களுக்குத் தெரிந்தது எந்தக் களக் கையேட்டிலும் இல்லை. படத்தை எடுத்த எடுப்பில் நீட்டாதீர்கள், நீட்டினால் எல்லாவற்றுக்கும் "ஆமா" என்பார்கள். "அண்ணே, ராத்திரி கிடைக்குப் பக்கத்துல என்னென்ன வரும்?" என்று தொடங்குங்கள். எப்படி இருந்தது, வால் எப்படி, கடைசியாகப் பார்த்தது எப்போது, எந்த இடத்தில் என்று கேளுங்கள். குள்ளநரி என்று ஒருவர் சொல்வது இன்னொருவருக்கு நரியாக இருக்கும், அடையாளத்தைக் கேட்டு எழுதுவதுதான் பத்திரம். சிவராத்திரியை ஒட்டி முயல் வேட்டைக்குப் போகும் பழக்கம் உள்ள ஊராக இருந்தால் அதையும் பக்குவமாகப் பேசுங்கள். சட்டப்படி குற்றம் என்பதோடு, முன்பு எத்தனை கிடைத்தது, இப்போது எத்தனை என்று அவர்களையே சொல்ல விடுங்கள்.

படி 9: பதிவு செய்யுங்கள், சிலவற்றை மறையுங்கள்

தேதி, நேரம், இட எண், பார்த்தது நேரிலா தடமா எச்சமா பிறர் சொன்னதா, எவ்வளவு உறுதி. ஒரு பதிவுக்கு இந்த ஐந்தும் வேண்டும். சாலையில் அடிபட்டுக் கிடப்பதையும் சேருங்கள். திருமயம்–காரைக்குடி மாதிரியான சாலைகளில் காலையில் பைக்கில் மெதுவாகப் போனாலே கீரி, மரநாய், காட்டுப்பூனை என்று மனசு கனக்கும் பட்டியல் கிடைக்கும். எந்த இடத்தில் அதிகம் அடிபடுகிறது என்று ஒரு வருடக் குறிப்பு இருந்தால் வேகத்தடை கேட்டு மனு கொடுக்கலாம்.

ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படங்களை ஏற்றினால் மற்றவர்கள் இனம் கண்டு உதவுவார்கள். ஆனால் அலங்கு, முள்ளம்பன்றி, முள்ளெலி, நரிவளை இவற்றின் இடத்தை வெளியே தெரியாதபடி மறைத்துவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் வளையின் படத்தைப் போடவே போடாதீர்கள். அதைத் தேடி யார் கிளம்புவார்கள் என்று நமக்குத் தெரியாது.

வருடம் முடியும்போது ஓர் ஊருக்கு இருபது இனத்தைத் தாண்டுவது கடினமில்லை. பட்டியலைக் கணினிக்குள்ளேயே வைத்திருக்க வேண்டாம். 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சிக்கும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றை எழுத வேண்டும். ஊராட்சி அலுவலகத்தில் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள், உங்கள் பட்டியலை அதில் சேர்க்கச் சொல்லி எழுத்து மூலம் கேளுங்கள், ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே வௌவால் மரம், கோயில்காடு, கண்மாயின் உள்வாய் மூன்றையும் புல எண்ணோடு குறிப்பிட்டுக் கொடுங்கள். நாளைக்கு அங்கே மரம் வெட்டவோ மண் அள்ளவோ யாராவது அனுமதி கேட்டு வந்தால், கிராமசபையில் எடுத்துக் காட்டப் பதிவேட்டின் அந்தப் பக்கம் இருக்கும்.